சக்கரம் நின்றது, பலிபீடம் எங்கே?

இந்த மாத தியானத்திற்கு ஆதியாகமம் 33-ஆம் அதிகாரம் 17-ஆம் வசனத்தையும், 35-ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களையும் முதலாவது எடுத்து வாசித்துக்கொள்ளுங்கள். வாசிக்காமல் மேலே போக வேண்டாம். பத்திரிகை எங்கேயும் ஓடிப்போகாது.

வாசித்தாச்சா? ஸ்தோத்திரம். யாக்கோபு லாபானிடத்தில் 20 வருஷம் உழைத்தான். அப்புறம் மனைவி, பிள்ளை, ஆடுமாடு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வழிநெடுகப் பயந்து பயந்து வந்தான். சுக்கோத்துக்கு வந்ததும் முதல் வேலையாக என்ன செய்தான்? தனக்கு ஒரு வீடு கட்டினான். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்கிற இந்த மூன்று பேரில், வீடு கட்டினான் என்று வேதம் சொல்லுகிறது இவனைப் பற்றித்தான். இத்தனை வருஷ அலைச்சலுக்குப் பிறகு ஒரு மனுஷனுக்கு நாலு சுவர் வேண்டும் என்று தோன்றாதா? தோன்றும். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

இதை நினைத்துக்கொண்டிருக்கும்போது அமெரிக்க தேசத்திலே உள்ள ஒரு கூட்ட ஜனங்களின் ஜீவியம் என் மனதில் வந்தது. அங்கே ஆர்.வி. என்று ஒரு வீட்டு வண்டி உண்டு. பஸ் மாதிரி நீளமாக இருக்கும். அதற்குள்ளேயே கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், குளியலறை, கக்கூஸ் எல்லாம் அடக்கம். சிலது தானே ஓடும், சிலதைப் பெரிய பிக்கப் வண்டியின் பின்னாலே பூட்டி இழுப்பார்கள். அநேகர் லீவுக்கு மட்டும் எடுப்பார்கள். ஆனால் வீடு வாசலை விற்றுப்போட்டு, வருஷம் பூராவும் அதிலேயே குடியிருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு "முழுநேரக்காரர்" என்றே பேர். (நம்முடைய முழுநேர ஊழியர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!) கோடையில் வடக்கே குளிர்ந்த மாகாணங்களுக்குப் போவார்கள். குளிர்காலம் வந்தால் தெற்கே இறங்குவார்கள்.

அப்படி இறங்குகிற இடங்களில் பேர்பெற்றது அரிசோனா மாகாணத்து வனாந்தரத்தில் இருக்கிற குவார்ட்ஸைட் என்கிற சிற்றூர். ஊரின் சொந்த ஜனத்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம்தான். குளிர்காலம் வந்தாலோ, கண்ணுக்கெட்டின தூரம் வெள்ளை வெள்ளையாக வண்டிகள் பாளயமிறங்கி நிற்கும். ஊருக்குப் பக்கத்திலே லா போசா என்று ஒரு அரசாங்க நிலம் உண்டு. நீண்டநாள் தங்குகிறவர்களுக்கென்று இப்படிப்பட்ட இடங்களை 1983-ல் ஏற்படுத்தினார்கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே தங்கலாம். அதைத் தாண்டி, மற்ற திறந்த அரசாங்க நிலங்களிலே சாதாரணமாக 14 நாள்தான் கணக்கு. அதற்குப் பிறகு பெட்டியைக் கட்டி வேறே இடத்துக்கு நகர வேண்டும்.

எனக்கு உடனே எண்ணாகமம் 9-ஆம் அதிகாரம் ஞாபகம் வந்தது. மேகம் எழும்பினால் புறப்படு, மேகம் தங்கினால் தங்கு. இரண்டு நாளோ, ஒரு மாதமோ, ஒரு வருஷமோ, மேகம் நிற்கிற வரைக்கும் ஜனங்களும் நிற்க வேண்டும். நாம் பிரசங்கிக்கும்போது "புறப்படு, புறப்படு" என்பதைத்தான் சத்தமாகச் சொல்லுகிறோம். ஆனால் அந்த அதிகாரத்தைக் கவனமாய்ப் பாருங்க, புறப்படுகிறதும் கர்த்தருடைய கட்டளை, நிற்கிறதும் கர்த்தருடைய கட்டளை. நிற்கச் சொன்னபோது புறப்பட்டவன் கீழ்ப்படிந்தவன் ஆவானா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்து வருஷம், பதினைந்து வருஷம் அந்த வண்டியிலே சுற்றின ஒரு வயதான தம்பதியை மனதிலே நிறுத்திக்கொள்ளுங்கள். ஐயாவுக்கு ராத்திரியில் எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, வண்டிப் படி ஏறமுடியவில்லை. கழிவுத் தொட்டியின் குழாயைக் குனிந்து மாட்டிக் காலிபண்ண இடுப்பு ஒத்துழைக்கவில்லை. ஒருநாள் இரண்டுபேரும் பேசி முடிவெடுத்து, குளிர்காலமெல்லாம் தங்கிப் பழகின அதே வனாந்தரத்திலே ஒரு சின்ன வீட்டை வாங்கிவிடுகிறார்கள். வண்டி வாசலிலே நிற்கிறது. சாவி ஆணியிலே தொங்குகிறது.

இந்த முடிவு அத்தனை லேசானது இல்லை, பிரியமானவர்களே. ஜோ, கே பீட்டர்சன் என்கிற தம்பதியர் 1978-ல் எஸ்கேப்பீஸ் என்று இந்த முழுநேரக்காரர்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். டெக்சாஸிலே லிவிங்ஸ்டன் என்கிற ஊரிலே அதற்கு இடம் இருக்கிறது. வீடில்லாத இவர்களுக்கு வருகிற கடிதங்களை வாங்கி, எங்கே இருக்கிறார்களோ அங்கே அனுப்பிவைக்கிற வேலையையும் அந்தச் சங்கம் செய்கிறது. பின்னாளில் அதே ஊரிலே, வியாதியினாலோ முதிர்வயதினாலோ இனி ஓட்டமுடியாதவர்கள், தங்கள் வண்டியிலேயே இருந்துகொண்டு சாப்பாடும் உதவியும் பெறும்படி ஒரு இல்லமும் உண்டாயிற்று. யோசித்துப் பாருங்கள். வண்டியை விட்டு இறங்க அவர்களுக்கு மனசு வரவில்லை என்றுதானே இப்படி ஒரு ஏற்பாடே தேவைப்பட்டது! நின்றுபோன பிறகும் மறுபடி கிளம்பவேண்டும் என்று உள்ளுக்குள்ளே ஒரு துடிப்பு இருக்குமாம். அதற்கு "ஹிட்ச் இட்ச்" என்று அவர்கள் பேச்சிலே ஒரு பெயரே இருக்கிறது. வண்டி பூட்டுகிற கொக்கியின் அரிப்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அம்மா புது அடுப்பங்கரையிலே சந்தோஷமாக இருப்பாள், ஐயா ஜன்னல் வழியாக வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். சில வீடுகளில் அது தலைகீழாகவும் இருக்கும்.

விசுவாசியாக இருக்கிறவனுக்கு இன்னொரு நெருடலும் கூட வரும். "நாம் பரதேசிகள், அந்நியர், இந்த உலகம் நமக்கு வீடல்ல என்றுதானே கேட்டு வளர்ந்தோம்? இப்போது பத்திரம் பதிந்து, கதவுக்குப் பூட்டுப் போட்டு உட்கார்ந்துவிட்டோமே, இது பின்வாங்குதலோ?" இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் அதற்கு வேதத்திலிருந்துதான் பதில் வேண்டும், நம்முடைய உணர்ச்சியிலிருந்து அல்ல.

எரேமியா 35-ஐ எடுங்கள். ரேகாபியர் வருகிறார்கள். வீடு கட்டாதே, விதை விதைக்காதே, கூடாரத்திலேயே குடியிரு என்று அவர்கள் தகப்பனாகிய யோனதாப் சொல்லிவிட்டுப் போனதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துக்கொண்டார்கள். கர்த்தர் அவர்களை மெச்சிக்கொண்டார். ஆமென். இப்போது ஆறு அதிகாரம் பின்னாலே போய் எரேமியா 29-ஐ வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறையாகப் போன ஜனங்களுக்கு அதே கர்த்தர், அதே தீர்க்கதரிசியைக்கொண்டு கடிதம் எழுதச் சொல்லுகிறார். வீடு கட்டுங்கள், அதில் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதின் பழத்தைச் சாப்பிடுங்கள் என்கிற கருத்திலே அந்தக் கடிதம் இருக்கிறது. ஒரே தேவன், ஒரே தீர்க்கதரிசி. ஒரு கூட்டத்துக்குக் கூடாரம், இன்னொரு கூட்டத்துக்கு வீடு! அதுமட்டுமா? அந்த ரேகாபியரே எருசலேமுக்குள் எப்படி வந்தார்கள்? நேபுகாத்நேச்சாரின் சேனைக்குப் பயந்து, கூடாரத்தை விட்டு மதிலுக்குள்ளே வந்திருந்தார்கள். அதற்காகக் கர்த்தர் அவர்களைக் கடிந்துகொண்டதாக ஒரு வரியும் இல்லை.

ஆகையால் சக்கரம் இருப்பதினாலே ஒருவன் பரதேசியாகிவிடுகிறதில்லை. அஸ்திபாரம் இருப்பதினாலே ஒருவன் உலகத்தானாகிவிடுகிறதுமில்லை. லட்சக்கணக்கான டாலர் போட்டு வண்டி வாங்கி, ஊர் ஊராகப் போய், மனதெல்லாம் பொருளாசையாக இருக்கிறவனும் உண்டு. இதை நான் தைரியமாகவே சொல்லுகிறேன்.

அப்படியானால் யாக்கோபின் விஷயத்தில் என்ன குறை? சுக்கோத்தில் அவன் வீடு கட்டினான், மிருகங்களுக்குக் கொட்டகை போட்டான் என்று வேதம் சொல்லுகிறது. அங்கே பலிபீடம் கட்டினதாகச் சொல்லவில்லை. அவனுடைய பாட்டன் ஆபிரகாமோ கூடாரம் போட்ட இடத்திலே பலிபீடத்தையும் கட்டினவன் (ஆதி. 12:8). யாக்கோபு அப்புறம் சீகேமுக்கு வந்து, நிலம் வாங்கி, அங்கே ஒரு பலிபீடம் கட்டினான், உண்மைதான். ஆனால் கர்த்தருக்குப் பொருத்தனை பண்ணின இடம் பெத்தேல் அல்லவா? சீகேமிலே வீட்டில் எவ்வளவு துக்கம் நடந்தது என்று 34-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அதற்குப் பிறகுதான் பெத்தேலுக்குப் போய் அங்கே குடியிரு, அங்கே பலிபீடம் உண்டாக்கு என்று தேவன் சொல்லுகிறார். கவனியுங்கள், குடியிருக்க வேண்டாம் என்று தேவன் சொல்லவில்லை. குடியிருக்கிற இடத்தையும் பலிபீடத்தையும் ஒன்றாகச் சேர்க்கிறார்.

போகிறதற்கு முன் யாக்கோபு வீட்டாரிடத்தில் கேட்டது என்ன? கையிலிருக்கிற அந்நிய தேவர்களை எல்லாம் வெளியே எடுங்கள் என்றான். அட, இதெல்லாம் எங்கேயிருந்து வந்தது? வழியெல்லாம் கூடவே வந்திருக்கிறது! ராகேல் தகப்பனுடைய சுரூபங்களை ஒட்டகச் சேணத்திலே ஒளித்துவைத்து, அதின்மேல் உட்கார்ந்து வந்தாளே (ஆதி. 31:34). அந்தச் சுரூபங்கள் இதிலே சேர்ந்ததா என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் பிரயாணத்திலே ஒளிந்திருந்தவை குடியமரும்போது வெளியே வந்தே தீரும் என்பது மட்டும் தெரிகிறது. யாக்கோபு அவைகளை ஒரு கர்வாலி மரத்தின் கீழே புதைத்தான்.

அந்தத் தம்பதி வண்டியைக் காலிபண்ணுகிறதை நினைத்துப் பாருங்க. வண்டியின் அடியிலே வரிசையாக அறைகள் உண்டு. பத்து வருஷமாகத் திறக்காத பெட்டியெல்லாம் அங்கேதான் கிடக்கும். எல்லாவற்றையும் வீட்டுத் திண்ணையிலே இறக்கிவைக்க வேண்டும். சாமான் மட்டுமா இறங்குகிறது? ஓடிக்கொண்டே இருந்ததினாலே பேசாமல் விட்ட விஷயங்களும் இறங்கும். மகனோடு உள்ள மனக்கசப்பு வந்தபோது, "அடுத்த ஊருக்குப் போகலாம்" என்று கிளம்பிவிட்டார்கள். ஒரு சபையிலே போதகர் சொன்னது பிடிக்கவில்லை, அடுத்த ஞாயிறு வேறே மாகாணம், வேறே சபை. பக்கத்து வண்டிக்காரரோடு வாக்குவாதம் வந்ததா, காலையிலே பூட்டை எடு, கிளம்பு! சக்கரம் இருக்கிறவரைக்கும் ஒப்புரவாகாமலே ஜீவிக்கலாம். வீடு நகராது, பக்கத்து வீட்டுக்காரரும் நகரமாட்டார். இப்போதுதான் கிறிஸ்தவ ஜீவியத்தின் பரீட்சை ஆரம்பிக்கிறது.

அந்த வனாந்தரத்திலே தேள் அதிகம். மணல் நிறத்திலேயே இருக்கிறதினாலே சாதாரண டார்ச் அடித்தால் சீக்கிரம் கண்ணுக்குத் தட்டுப்படாது. ஆகவே புற ஊதா ஒளி வீசுகிற ஒரு டார்ச்சை வைத்திருப்பார்கள். ராத்திரியிலே அதை அடித்தால், சுவர் ஓரத்திலே இருக்கிற தேள் பச்சையாக மின்னும்! ஆவியானவருடைய வெளிச்சம் அப்படிப்பட்டது, தேவ ஜனமே. நம்முடைய சொந்த டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று படுத்துவிடக் கூடாது.

மணல் என்றதும் மத்தேயு 7 ஞாபகம் வருகிறது. மணலின்மேல் வீடு கட்டுகிறவன் எப்படிப்பட்ட மடையன் என்று நாம் சிரிக்கிறோம். அரிசோனா வனாந்தரத்தைப் பார்த்தால் சிரிக்கமாட்டோம். அங்கே "வாஷ்" என்று காய்ந்த ஓடைகள் உண்டு. வருஷத்தில் பெரும்பாலான நாள் சொட்டுத் தண்ணீர் இருக்காது. பார்க்க என்ன அழகு! சமதளம், மெத்துமெத்தென்று மணல், கல் முள் இல்லை. சுற்றிலும் உள்ள தரையோ சுண்ணாம்பு இறுகிப்போன ஒரு அடுக்கு, கலீச்சி என்பார்கள், கடப்பாரை போட்டாலும் திரும்பி வரும். எது சுலபம்? மணல்தானே சுலபம்! ஆனால் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரைக்கும் மழைப்பருவம். எங்கேயோ தூரத்து மலையிலே பெய்கிற மழை, இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும். தடுப்பு வைத்த பிறகும் வெள்ளத்துக்குள் வண்டியை விட்டு மாட்டிக்கொள்கிறவனிடத்திலே மீட்பு வேலைக்கான செலவை வசூலிக்க 1995-ல் ஒரு சட்டமே போட்டார்கள். ஜனங்கள் அதை "முட்டாள் ஓட்டுநர் சட்டம்" என்று கூப்பிடுகிறார்கள்!

வண்டியிலே இருந்தபோது ஒரு ராத்திரிக்கு இடம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வானம் கறுத்தால் கிளம்பிவிடலாம். வீட்டுக்கு அப்படி முடியாது. லூக்கா எழுதின சுவிசேஷத்திலே அந்தப் புத்தியுள்ளவன் ஆழமாய்த் தோண்டினான் என்று இருக்கிறது. கலீச்சித் தரையிலே தோண்டினவனுக்குத்தான் அந்த வார்த்தையின் வியர்வை தெரியும். கூட்டத்துக்குக் கூட்டம் ஓடி ஆசீர்வாதம் வாங்கிப் பழகினவனுக்கு, ஒரே இடத்திலே உட்கார்ந்து வேதத்தைத் தோண்டுகிறது சலிப்பாகத்தான் இருக்கும். தோண்டத்தான் வேண்டும்.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லாமல் போனால் பாதிதான் சொன்னதாகும். பெரிய வண்டியிலும் நல்ல தண்ணீர்த் தொட்டி 100 காலன், அதாவது ஏறக்குறைய 380 லிட்டர் கொள்ளுகிறதே அதிகம். ஆகவே உடம்பை நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுவார்கள். வீட்டுக்கு வந்தால் குழாயைத் திருகினால் தண்ணீர். ஒரு மாதத்திலே பழைய பழக்கம் போய்விடும்! ஆனால் அது வனாந்தரம் என்பதை மறக்கக் கூடாது. ஸ்காட்ஸ்டேல் நகரத்துக்கு வெளியே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்று ஒரு குடியிருப்பு. நல்ல வசதியான வீடுகள். அவற்றில் நூற்றுக்கணக்கான வீடுகள் அந்த நகரத்திலிருந்து லாரியிலே வருகிற தண்ணீரை நம்பியிருந்தன. கொலராடோ நதி வறண்டதினாலே, எங்கள் ஊர் ஜனங்களுக்கே முதலாவது என்று நகரம் 2023 ஜனவரி 1-ஆம் தேதி அதை நிறுத்திவிட்டது. பெரிய பெரிய வீட்டுக்காரர்கள் காகிதத் தட்டிலே சாப்பிட்டார்கள், மழைத்தண்ணீரைப் பிடித்துக் கக்கூஸுக்கு ஊற்றினார்கள். அந்த வருஷம் ஜூனிலே மாகாணம் சட்டம் போட்டு வழி உண்டாக்க வேண்டியதாயிற்று.

மன்னா எப்போது நின்றது தெரியுமா? யோசுவா 5:12. கானானின் தானியத்தைச் சாப்பிட்ட மறுநாளே நின்றது. 40 வருஷம் விடியற்காலையிலே வாசலுக்கு வந்த ஆகாரம்! நின்றபோது தேவன் கைவிட்டுவிட்டாரா? இல்லை, கொடுக்கிற விதம் மாறிற்று. மன்னாவைப் பொறுக்கினவனுக்குத் தினமும் தேவன் ஞாபகம் வந்தது. களஞ்சியத்திலிருந்து எடுக்கிறவனுக்கு அந்த ஞாபகம் தானாக வராது. அதற்காகத்தான் உபாகமம் 8-ஐ மோசே முன்கூட்டியே பேசினான். நல்ல வீடு கட்டிக் குடியிருக்கும்போது இருதயம் மேட்டிமையடையாதபடி பார்த்துக்கொள் என்பதே அங்கே எச்சரிப்பு. பாருங்கள், வீடு கட்டாதே என்று சொல்லவில்லை.

நம்முடைய சபையிலும் இதைப் பார்க்கிறோம். பதினோரு மாத ஒப்பந்தத்திலே வாடகை வீடு வாடகை வீடாக மாறினபோது, ஒரே அறையிலே பாயை விரித்துக் குடும்பமாக முழங்கால் படியிட்டார்கள். கர்த்தர் சொந்த வீடு கொடுத்தார், ஸ்தோத்திரம். இப்போது அப்பா ஒரு அறை, பிள்ளை ஒரு அறை, அம்மா டி.வி. அறை. குடும்ப ஜெபத்துக்கு எந்த அறை? யார் மனதையும் நோகப்பண்ண இதை எழுதவில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த வண்டித் தம்பதிக்கும் இதே கதைதான். வண்டியிலே ஒரே மேசை. சாப்பாடும் அதிலேதான், வேத வாசிப்பும் அதிலேதான். புது வீட்டுக்குப் போனவுடனே, சோபா எங்கே போடுகிறது என்று தீர்மானிக்கிறதற்கு முன்னே, இரண்டு நாற்காலியைப் போட்டு இது நம் பலிபீடம் என்று ஒரு இடத்தை முடிவுபண்ணட்டும்.

அடுத்ததாக, ஒரு அறை. 2 இராஜாக்கள் 4-லே சூனேம் ஊராள் எலிசாவுக்காக மேல்வீட்டிலே ஒரு சின்ன அறை கட்டினாள். கட்டில், மேசை, நாற்காலி, குத்துவிளக்கு, நாலே நாலு சாமான். ஒரு ஆர்.வி.-க்குள் இருக்கிறது போலவே இல்லை? வழிப்போக்கனுக்கு என்ன வேண்டும் என்று அறிந்த கை அது. முழுநேரக்காரரிடத்திலே ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. குடியமர்ந்தவர்கள் தங்கள் வாசலிலே, இன்னும் சாலையிலே இருக்கிற சிநேகிதரின் வண்டியை நிறுத்தச் சொல்லி, தண்ணீரும் மின்சாரமும் கொடுப்பார்கள். அது சாதாரண காரியமல்ல. 2023-ல் பீனிக்ஸ் நகரத்திலே ஜூன் 30 முதல் தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை, நம் கணக்கிலே 43 டிகிரிக்கு மேலே. அந்த வருஷம் அந்த நகரம் இருக்கிற மாரிகோபா மாவட்டத்திலே மாத்திரம் வெயிலினால் உண்டான சாவு 645 என்று அரசாங்கக் கணக்கு. மெல்லிய சுவருள்ள ஒரு வண்டிக்குள்ளே, பழுதான குளிர்சாதனத்தோடு மாட்டிக்கொண்ட ஒரு வயதானவருக்கு, பக்கத்திலே ஒரு குளிர்ந்த அறை திறந்திருக்கிறது ஜீவனா சாவா என்கிற காரியம். சாலையிலே இருப்பவன் கஷ்டம் சாலையிலே இருந்தவனுக்குத்தானே தெரியும்!

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 14 நாளைக்கு ஒருதரம் நகருகிறவனாலே மரம் வைக்க முடியாது. அந்த வனாந்தரத்திலே சகுவாரோ என்கிற ஆள் உயரத்துக்கும் மிஞ்சின கள்ளி உண்டு. முதல் பத்து வருஷத்திலே அது ஒன்றரை அங்குலம் வளர்ந்தால் பெரிது. கிளை விட 50, 75 வருஷம்கூட ஆகும். எழுபது வயதிலே அதை நடுகிறவன் கிளையைப் பார்க்கப்போவதில்லை. எலுமிச்சை வைத்தால் காய் பறிக்கலாம். இரண்டும் வைக்கட்டும் என்பேன். பாபிலோனுக்குப் போன அந்தக் கடிதமும் தோட்டத்தைத்தானே சொல்லிற்று.

இந்த மாதம் வெள்ளிக்கிழமை உபவாசக் கூடுகையிலே இவர்களுக்காக ஜெபியுங்கள்: புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிற குடும்பங்கள். வீடு வாங்க மனதிருந்தும் கணவன் ஒருபக்கம், மனைவி ஒருபக்கமாக இழுக்கிற தம்பதிகள். வயதான பிறகும் தங்குமிடம் நிச்சயமில்லாமல் இருக்கிறவர்கள். வெயில் காலத்திலே சாலையோரத்திலும் வண்டியிலும் படுக்கிறவர்கள். போன வருஷம் வீடு பிரதிஷ்டை பண்ணினவர்கள், உங்கள் வீட்டிலே ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக் கூட்டம் வைக்க மனதிருந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்தவுடனே மூப்பரிடத்திலே பெயர் கொடுங்கள். நாற்காலி போதாவிட்டால் பாய் கொண்டுவருகிறோம்.

கர்த்தருடைய கிருபை உங்கள் வீடுகளோடே இருப்பதாக. ஆமென்.